ஆள்மாறாட்டக் கதையில் வாசகர் யார் பக்கம்?

ஆள்மாறாட்டத்தைக் கருவாகக் கொண்ட நாவலைப் பத்துப் பேர் சேர்ந்து படித்தால், சண்டை பெரும்பாலும் ஏமாற்றியவனைப் பற்றி எழுவதில்லை. புதுச்சேரியில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில், அமெரிக்க எழுத்தாளர் ஜேனட் லூயிஸ் 1941இல் வெளியிட்ட குறுநாவல் ஒன்றை அண்மையில் படித்தோம். பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஒரு குடியானவனின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து, அவன் மனைவியுடன் வாழ்ந்து, தூக்கில் தொங்கிய ஒருவனின் உண்மைக் கதை அது. வந்தவன் குற்றவாளிதானா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மனைவி வாயைத் திறந்தது சரியா, தவறா என்பதுதான் இரண்டு மணி நேர வாக்குவாதமாக நீண்டது.

"அவ சும்மா இருந்திருந்தா ஒரு உயிர் பிழைச்சிருக்கும்மா" என்றார் எண்பது வயதைக் கடந்த முன்னாள் சொல்தா ஒருவர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களை எங்கள் ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்வது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா விடவில்லை. "எப்படி ஐயா சும்மா இருக்கிறது? ராத்திரி பக்கத்துல படுத்திருக்கிறவன் யாருன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அவளுக்கு இல்லையா? அப்புறம் அந்த நிலம் யார் பேர்ல இருக்கு?" இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வழக்கே நிலத்தில்தான் தொடங்கியது என்பதை அவர் பக்க எண்ணுடன் எடுத்துக் காட்டியபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

வழக்கின் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் தெற்கே, பிரெனே மலையடிவாரத்தில் அர்த்திகா என்னும் சிற்றூரைச் சேர்ந்த மார்த்தேன் கேர், தந்தையின் தானியத்தைத் திருடினான் என்ற பழி வந்ததும் 1548இல் மனைவி பெர்த்ராந்தையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். 1556இல் ஒருவன் வந்து நான்தான் மார்த்தேன் என்றான். அவனுக்கு ஊராரின் பெயர்கள் தெரிந்திருந்தன, பழைய பேச்சுகள் நினைவில் இருந்தன. சகோதரிகள் ஏற்றுக்கொண்டார்கள், மனைவியும் ஏற்றுக்கொண்டாள். மூன்று ஆண்டுகள் குடும்பம் நடந்தது, குழந்தைகளும் பிறந்தன. பிறகு அவன், தான் இல்லாத காலத்தில் தன் சொத்தை நிர்வகித்த சித்தப்பாவிடம் வரவுசெலவுக் கணக்குக் கேட்டான். அதுவரை அணைத்துக்கொண்ட சித்தப்பாவுக்கு, கணக்குக் கேட்டதும்தான் இவன் வேறு ஆளோ என்ற ஐயம் வலுத்தது. அக்கா சுட்டிக் காட்டியது இந்த இடத்தைத்தான்.

வழக்கு மன்றத்துக்குப் போனபோது, ஒருவன் யார் என்பதை மெய்ப்பிக்க என்னென்ன கருவிகள் அவர்களிடம் இருந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புகைப்படம் கிடையாது. கைரேகை ஒப்பீடு வருவதற்கு இன்னும் முந்நூறு ஆண்டுகள் இருந்தன. அந்தக் குடியானவர்களுள் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் அரிது. ஆகவே சுமார் 150 சாட்சிகளை அழைத்து முகம், தழும்பு, மரு, பல் என்று கேட்டார்கள். ஒரு சாரார் இவன் மார்த்தேன் என்றார்கள், மற்றொரு சாரார் பக்கத்து ஊர் அர்னோ தியு தில் என்றார்கள், பெருந்தொகையினர் சொல்லத் தெரியவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த ஊரில் செருப்புத் தைப்பவர் மட்டும் தன் தொழிற்கணக்கைச் சொன்னார்: மார்த்தேனின் கால் பன்னிரண்டு அளவு, இவன் கால் ஒன்பதுதான். அதன் பின்னும் 1560இல் தூலூஸ் மேல்முறையீட்டு மன்றம் வந்தவனை விடுவிக்கும் நிலையில்தான் இருந்தது. அப்போது மரக்கால் ஊன்றிய ஒருவர் மன்றத்துக்குள் நுழைந்தார், உண்மையான மார்த்தேன். அதே ஆண்டு செப்டம்பரில், அர்னோ அர்த்திகாவில் மார்த்தேனின் வீட்டுக்கு எதிரிலேயே தூக்கிலிடப்பட்டான்.

இந்தக் கதைக்கு வாசகர் எதிர்வினை அடுத்த ஆண்டே தொடங்கிவிட்டது. வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான கொராஸ் 1561இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். தீர்ப்பளித்தவரே குற்றவாளியின் நினைவாற்றலை வியந்து எழுதியிருப்பது விந்தை. அதைப் படித்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேஞ். அவரும் நீதிமன்றப் பதவியில் இருந்தவர். தன் கட்டுரை ஒன்றில் அவர், ஒருவனைத் தூக்கிலிடும் அளவுக்கு அந்த மன்றத்துக்கு எங்கிருந்து அவ்வளவு உறுதி வந்தது என்று வியந்து, 'இந்த வழக்கில் மன்றத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்று சொல்லும் ஒரு தீர்ப்பு வகை இருக்கக்கூடாதா என்று கேட்கிறார். எங்கள் மாடியில் யாரும் அவ்வளவு நிதானமாகப் பேசவில்லை.

ஜேனட் லூயிஸ் நம்மை முழுக்க முழுக்கப் பெர்த்ராந்தின் உள்ளத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறார். கணவன் முன்பைவிடக் கனிவானவனாகத் திரும்பியிருக்கிறான் என்று முதலில் மகிழும் அவள், அந்தக் கனிவையே கண்டு அஞ்சத் தொடங்குகிறாள். ஊரும் பாதிரியாரும் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். இறுதியில் திரும்பி வரும் உண்மைக் கணவனோ, இரக்கத்தின் நிழல்கூடப் படியாத முகத்துடன் அவளைக் குற்றம் சாட்டுகிறான். மறுபக்கம், வரலாற்றாசிரியர் நாட்டலி ஸீமன் டேவிஸ் 1983இல் இதே வழக்கை ஆராய்ந்து எழுதிய நூலில், பெர்த்ராந்துக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும், தெரிந்தே அவனுடன் சேர்ந்து ஒரு வாழ்க்கையைக் கட்டியெழுப்பினாள் என்று வாதிடுகிறார். ஆவணம் அதற்கு இடம் தரவில்லை என்று ராபர்ட் ஃபின்லே என்ற வரலாற்றாசிரியர் 1988இல் நீண்ட மறுப்பு எழுத, டேவிஸ் அதற்கு விடையளித்தார். எங்கள் அக்காவும் சொல்தா ஐயாவும் போட்ட சண்டையை, அடிக்குறிப்புகளுடன் இரு அறிஞர்கள் முன்பே போட்டிருக்கிறார்கள்.

ஒரே வழக்கு, ஒரே தூக்குமேடை. ஆனால் லூயிஸைப் படிப்பவர் பெர்த்ராந்துடன் சேர்ந்து ஏமாற்றப்படுகிறார். டேவிஸைப் படிப்பவர் அவளுடன் சேர்ந்து ஏமாற்றுகிறார். ஆள்மாறாட்டக் கதைகளுக்கு வாசகர்கள் காட்டும் கோபமும் பரிவும் பெரிதும் இதைச் சார்ந்தே அமைகின்றன என்பது என் எண்ணம். உண்மை நமக்கு முதலிலேயே சொல்லப்பட்டால் நாம் கூட்டாளிகள். மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண்டுபிடிக்க வருபவர்மேல் எரிச்சல் வருகிறது. கடைசியில் சொல்லப்பட்டால் நாமும் ஏமாந்தவர்கள். அந்தக் கோபம் பாத்திரத்தோடு நிற்காமல் ஆசிரியர்மேலும் பாய்கிறது. வாசகர் சொல்லும் தீர்ப்பில் அறம் எவ்வளவு, அவர் உட்கார வைக்கப்பட்ட இடம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

இதைத் தமிழ் வாசகர் அறியாதவர் அல்லர். கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் சேக்கிழார் பாடி அரங்கேற்றிய பெரியபுராணத்தில், உலகத்து ஆள்மாறாட்டக் கதைகள் எதிலும் நான் காணாத ஒரு திருப்பம் இருக்கிறது. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக்கட்டு போன்ற கவளிகைக்குள் ஆயுதத்தை மறைத்து அரண்மனைக்குள் வருகிறான். காவலன் தத்தன் இது நேரமன்று என்று தடுத்தும் கேளாமல் பள்ளியறைக்குள் புகுகிறான். மன்னர் அவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்கிறார். வாசகருக்கோ முதலிலிருந்தே எல்லாம் தெரியும். சேக்கிழார் கத்தியை நமக்குக் காட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். குத்து விழுகிறது. வாளோடு பாய்ந்த காவலனை, 'தத்தா, நமர்' என்று சொல்லித் தடுக்கிறார் மன்னர். அவன் ஊர் எல்லையைப் பாதுகாப்பாகக் கடந்தான் என்ற செய்தி வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். இந்தக் காட்சிக்குச் சேக்கிழார் எழுதும் அடி: 'மெய்த்தவ வேடமே மெய்ப்பொருள் எனத்தொழுது வென்றார்.' இறந்தவரை வென்றார் என்கிறார்.

மெய்ப்பொருள் நாயனார் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு வேடம் என்ற சொல் வெறும் பொய்யைக் குறிப்பதில்லை. வேடத்துக்குள் இருப்பவன் யாராயினும், வேடத்துக்கென்று ஒரு மெய் உண்டு என்கிறது அந்தக் கதை. அர்னோ, கணவன் என்ற வேடத்தை உண்மைக் கணவனைவிடச் செம்மையாகத் தாங்கினான் என்பதே சொல்தா ஐயாவின் வாதம். அவர் நாயனாரைச் சொல்லவில்லை. சிறுவயதில் கதாகாலட்சேபத்தில் கேட்ட வேறொருவர்தான் இடையில் எடுத்துப் போட்டார். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது: "ராஜா மன்னிச்சாரு, சரி. தத்தனை யாராவது கேட்டாங்களா?" இது வெறும் மறுமொழி அல்ல என்று எனக்குப் படுகிறது. முதலில் ஐயப்பட்டவன், தன் ஐயம் சரியென்று தெரிந்த பிறகும், கொலைகாரனுக்குத் துணையாக ஊர் எல்லைவரை நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையை ஒரு நாவலாக எழுதலாம்.

சட்டத்தின் பார்வை இதற்கு நேர் எதிர். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 416ஆம் பிரிவில் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதை வரையறுத்தபோது, எந்த ஆளாக நடிக்கிறாரோ அவர் உண்மையில் இருப்பவராகவும் இருக்கலாம், கற்பனையானவராகவும் இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சேர்த்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவிலும் அந்த விளக்கம் தொடர்கிறது. கற்பனை ஆளாக நடிப்பதும் குற்றம் என்ற வரியைப் படித்தவுடன் எங்களுள் கதை எழுதும் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். தேர்வறை, பத்திரப்பதிவு அலுவலகம், வாக்குச்சாவடி என்று இன்று செய்தித்தாளில் ஆள்மாறாட்டம் என்ற சொல் வரும் இடங்கள் எல்லாம் அடையாளச் சீட்டு கேட்கும் இடங்களே. பிரான்சில் குடியேறியவர்களின் பூட்டிய வீடுகள் போலிப் பத்திரத்தில் கைமாறிய செய்திகளைப் படித்துப் பழகிய புதுச்சேரிக்காரர், நாவலில் வரும் போலிக் கணவனிடமும் பட்டா எங்கே என்று கேட்பதில் வியப்பில்லை.

ஆனால் இதே ஊருக்கு, பெயரை மறைத்து வந்தவர்களுக்கு வாசல் திறந்த பழக்கமும் உண்டு. 1908இல் பாரதியார் பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி இங்கு வந்தார். 1910 ஏப்ரல் 4இல் அரவிந்தர் வேறொரு பெயரில் கப்பலேறி வந்து இறங்கினார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயர் லண்டனிலிருந்து தப்பி, இஸ்லாமியர் வேடத்தில் வந்து சேர்ந்தார். அவர்களை வேவு பார்க்க அனுப்பப்பட்ட ஒற்றர்களும் வேறு வேடங்களில்தான் தெருக்களில் திரிந்தார்கள். ஒரு தெருவில் எதிரெதிரே வரும் இருவருமே தாம் அல்லாத ஒருவராக நடந்துகொண்டிருந்த காலம் அது. 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் அடைக்கலம், அந்தப் பக்கம் விலங்கு. ஒளிந்து வாழ்பவரைக் குற்றவாளி என்று கொள்வதா விருந்தினர் என்று கொள்வதா என்ற கேள்விக்கு விடை, இருபது கிலோமீட்டர் தொலைவுக்குள் மாறிப்போகும் நிலப்பகுதி இது.

பெயர் மாற்றம் இங்கு ஒளிவுமறைவாக மட்டும் நடக்கவில்லை, அரசாணையாகவும் நடந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு ஆணை, தத்தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்பியவர்கள் அதை எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் தெரிவு செய்துகொள்ள வழி வகுத்தது. ரெனோன்சான்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் ஊரில், ஒரு பிற்பகலில் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வழிவழியாகத் தொடரப்போகும் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரும்பியவர்கள் அவர்கள். 1962 ஆகஸ்டு 16இல், பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவுக்குத் தந்த ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதை எழுத்து மூலம் தெரிவிக்க ஆறு மாதம் தரப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன குடும்பங்கள் உண்டு. இரண்டு தாள்களும் உண்மையானவையே.

இதனால்தான் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1832இல் எழுதிய, கர்னல் ஷபேரைப் பற்றிய குறுநாவலை அடுத்துப் படிக்கலாம் என்று சொல்தா ஐயா சொன்னபோது நாங்கள் உடனே ஒப்புக்கொண்டோம். இது ஆள்மாறாட்டக் கதையின் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்ட கதை. 1807இல் எய்லோ போர்க்களத்தில் இறந்ததாகப் பதிவான ஷபேர், பிணக்குவியலுக்குள்ளிருந்து பிழைத்து, ஆண்டுகள் பல அலைந்து பாரிஸ் திரும்புகிறார். சொத்தும் மனைவியும் வேறொருவரிடம். வழக்கறிஞர் தெர்வில், தான் யாருடன் பேசுகிறோம் என்று கேட்க, அவர் தன் பெயரைச் சொல்கிறார். எந்த ஷபேர் என்ற கேள்விக்கு அவர் தரும் விடை: எய்லோவில் செத்துப்போனவர். உண்மையைச் சொல்லும் மனிதர் மோசடிக்காரரைப்போல் ஒலிக்கும் இந்த ஒரு வரிக்காகவே அந்த நூலைப் படிக்கலாம்.

ஷபேரைப் படிக்கும் வாசகர், அவர் மெய்யானவர் என்பதில் விரைவில் உறுதியடைந்துவிடுகிறார். அதன் பிறகு கோபம் முழுவதும் அவரை மறுக்கும் மனைவிமேலும், தாள்களின்மேலும் திரும்புகிறது. லூயிஸின் கதையில் பெர்த்ராந்தைக் கடிந்துகொண்ட அதே நண்பர்கள், இங்கே சீமாட்டியைக் கடிந்துகொண்டார்கள். முன்னவள் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவன் செத்தான், பின்னவள் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவர் பெயரிழந்தார் என்று கணக்குப் போட்டார் ஒருவர். இருவர் நிலையும் ஒன்றல்ல என்று நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மனைவி என்பவள் வந்தவனை ஏற்க வேண்டியவள் என்ற எதிர்பார்ப்பு எங்கள் வட்டத்தில் இவ்வளவு ஆழமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பெண்ணிடம் வைக்கும் இந்த எதிர்பார்ப்பைப் பற்றிப் பேசும்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனை விட முடியாது. வாசகர் எதிர்வினையே ஒரு நாவலுக்கு விதையான கதை அவருடையது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை மாலையொன்றில் காரில் அழைத்துச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்லி, நடந்ததை உலகறியாமல் புதைத்துவிடுகிறாள். கடும் எதிர்ப்பும் ஆதரவும் எழுந்தன. அந்த எதிர்ப்பை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கதை வாசகரின் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்து, நீயும் ஊற்று, நீயும் மறை என்றது. மறைப்பதில் கூட்டாளியாக விரும்பாதவர்கள் சீறினார்கள்.

ஜெயகாந்தன் அவர்களுக்குத் தந்த விடைதான் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இதில் தாய் மறைக்கவில்லை, கூச்சலிட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்கா படித்து, வேலைக்குப் போய், பத்திரிகையில் வந்த அந்தக் கதையையே ஒரு நாள் படிக்கிறாள். பின்னர் அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடித்து, அவனுடன் உறவு எதுவும் இல்லாத நிலையிலேயே, அவனுடைய ஆசைநாயகி என்ற பெயரைத் தானே ஊரறியச் சூட்டிக்கொள்கிறாள். மற்றவர்கள் நல்லவராக நடிக்கிறார்கள். கங்கா கெட்டவளாக நடிக்கிறாள். ஆள்மாறாட்டத்தில் இப்படி ஒரு வகை இருப்பதை மேலைக் கதைகளில் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, வெளிவந்தால் இதுதான் என்று நானூறு பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தார் அவர். கதையை எதிர்த்தவர்களுள் எத்தனை பேர் இந்த விடையை ஏற்றார்கள் என்பது வேறு. ஏற்காதவர்களும் தொடரைப் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஷபேரின் முடிவுக்கு வருகிறேன். மனைவியின் சூழ்ச்சியைத் தன் காதால் கேட்டுவிடும் அவர், வழக்காட மறுத்து, பெயரையே துறந்துவிடுகிறார். பல ஆண்டுகள் கழித்து முதியோர் விடுதியில் தெர்வில் அவரைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்க, ஷபேர் இல்லை, நான் ஏழாம் கூடத்து 164ஆம் எண் என்கிறார். இந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிச் சொல்தா ஐயா தன் பிரெஞ்சுப் பதிப்பை நீட்டினார். பக்க அடையாளமாக உள்ளே ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுபவர்கள், தாம் உயிரோடிருப்பதை அலுவலர் ஒருவரின் முத்திரையுடன் மெய்ப்பித்து அனுப்ப வேண்டிய உயிர்வாழ் சான்றின் நகல் அது. அக்கா முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அதை எடுத்து விரித்து, பெயர், பிறந்த நாள், முத்திரை என்று வரிசையாகப் படித்துக்கொண்டு போனார். நான்கு ஆண்டுகளாக நாங்கள் சொல்தா ஐயாவை அழைத்துவரும் பெயர் அதில் எங்கும் இல்லை.

"இது யாரு ஐயா?" என்றார்.

"அதுவும் நான்தாம்மா" என்றார் அவர்.

அக்கா தாளை இருந்தபடியே மடித்து, எடுத்த பக்கத்திலேயே வைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.